பிளாஸ்மா கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா?

கேள்வி: 2021 மே முதல் வாரம் என் பெரியப்பாவை கொரோனாவுக்காகச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். காய்ச்சல் தொடங்கிப் பத்து நாள் தாண்டிய பிறகு ஐசியுவுக்கு மாற்றி, "பி பாசிட்டிவ் பிளாஸ்மா இரண்டு யூனிட் உடனே ஏற்பாடு பண்ணுங்க" என்றார்கள். வீட்டில் எல்லோருமாகத் தேடினோம். ஓ குரூப் நண்பன் ஒருவன் கொடுக்க வந்தும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசி வரை கிடைக்கவில்லை. பெரியப்பா போய்விட்டார். "அன்னைக்கு அது மட்டும் கிடைச்சிருந்தா" என்று பெரியம்மா இன்றும் சொல்கிறார். கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா? நாங்கள் எங்கே கோட்டை விட்டோம்? இனி வீட்டில் யாருக்காவது இப்படித் தேவைப்பட்டால் எப்படித் தேட வேண்டும்?

பதில்:

முதல் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டத்தில் இருந்த ஒருவருக்கு இரண்டு யூனிட் பிளாஸ்மா கிடைத்திருந்தால் உயிர் தப்பியிருப்பார் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகு கிடைத்த விடை இது. உங்கள் மனதைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. சென்னையில் ஒரு ரத்த வங்கியில் டோனர்களை ஒருங்கிணைக்கும் வேலையில் இரண்டு அலைகளிலும் இருந்தேன். உங்களைப் போலத் தேடிக் களைத்துப்போன குடும்பங்களிடம் தினமும் பேசியிருக்கிறேன். அவர்களில் பலர் இன்னும் இதே கேள்வியைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கொரோனாவிலிருந்து மீண்டவரின் ரத்தத்தில் அந்த வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடி என்ற புரதம் இருக்கும். அவருடைய பிளாஸ்மாவை, அதாவது அணுக்களை நீக்கிய ரத்தத்தின் திரவப் பகுதியை, எடுத்து நோயாளிக்கு ஏற்றினால் அந்த ஆன்டிபாடி இவருக்கும் உதவும் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை. யோசனை புதிதல்ல. 1890களில் ஜெர்மன் மருத்துவர் பேரிங் டிப்தீரியா என்ற தொண்டை அடைப்பான் நோய்க்குக் கொண்டுவந்த சீரம் சிகிச்சையும் இதே தத்துவம்தான். அதற்காகத்தான் அவருக்கு 1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது. அர்ஜென்டினாவில் ஒரு ரத்தக்கசிவுக் காய்ச்சலுக்கு மீண்டவர்களின் பிளாஸ்மாவைக் கொடுத்துப் பார்த்து 1979-ல் முடிவை வெளியிட்டார்கள். சாவு விகிதம் 16 சதவீதத்துக்கு மேலிருந்து ஏறக்குறைய ஒரு சதவீதத்துக்கு இறங்கியது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது: நோய் தொடங்கி எட்டு நாளுக்குள் கொடுக்க வேண்டும். இந்த நாள் கணக்கைத்தான் 2021 மே மாதத்தில் நாம் எல்லோரும் மறந்துபோனோம்.

கொரோனாவில் முதல் ஒரு வாரம் வைரஸ் பெருகுகிற காலம். அதற்குள் கொடுத்தால் ஆன்டிபாடிக்கு வேலை இருக்கிறது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து மூச்சுத்திணறல் வருகிறதே, அந்தக் கட்டத்தில் நுரையீரலைக் கெடுப்பது பெரும்பாலும் உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தி கட்டுமீறி ஏற்படுத்தும் அழற்சிதான். அதற்குள் நோயாளியின் உடம்பே ஆன்டிபாடியைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கும். வெளியிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றி என்ன ஆகப்போகிறது?

இதை நம் நாட்டிலேயே சோதித்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் நடத்திய பிளாசிட் என்ற ஆய்வு 2020 ஏப்ரலிலிருந்து ஜூலை வரை 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து நடந்தது. பாதிப்பேருக்கு 24 மணி நேர இடைவெளியில் 200 மில்லி வீதம் இரண்டு முறை பிளாஸ்மா கொடுத்தார்கள். மீதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். நோய் முற்றுவதிலோ 28 நாளுக்குள் இறப்பதிலோ இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த நோயாளிகளில் பெரும்பாலானோருக்குச் சேரும்போதே சொந்த ஆன்டிபாடி இருந்தது. டோனர்கள் பலருடைய பிளாஸ்மாவில் ஆன்டிபாடி அளவு குறைவாகவும் இருந்தது. முடிவு 2020 செப்டம்பரில் வெளியே வந்துவிட்டது. அதாவது உங்கள் பெரியப்பாவுக்குக் கேட்பதற்கு ஏழெட்டு மாதம் முன்பே.

பிறகு பிரிட்டனில் ரெக்கவரி என்ற ஆய்வு. அதில் 11,558 நோயாளிகள். இவ்வளவு பெரிய எண்ணிக்கையில், அதுவும் ஆன்டிபாடி அதிகமுள்ள பிளாஸ்மாவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தும், 28 நாளில் இறந்தவர்கள் இரு தரப்பிலும் 24 சதவீதம்தான். இதே ரெக்கவரி ஆய்வுதான் 2020 ஜூனில் டெக்ஸாமெத்தசோன் என்ற சாதாரண ஸ்டீராய்டு மருந்து வென்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருப்பவர்களின் சாவை ஐந்தில் ஒரு பங்கும் குறைக்கிறது என்று கண்டுபிடித்தது. விலை சில ரூபாய். எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைப்பது. பெரியப்பாவுக்கு அது அநேகமாகக் கொடுத்திருப்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோ கேஸ் ஷீட் நகலோ கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஆக்சிஜன், டெக்ஸாமெத்தசோன், ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி, குப்புறப் படுக்க வைத்தது, இவையெல்லாம் அதில் இருந்தால், அவருக்கு அன்றைய தேதியில் பலன் தரக்கூடியது என்று தெரிந்த முக்கியமான சிகிச்சைகள் கிடைத்திருக்கின்றன என்று அர்த்தம்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிளாஸ்மா எங்குமே பலன் தரவில்லை என்றில்லை. அர்ஜென்டினாவில் வயதானவர்களுக்கு, லேசான அறிகுறி தொடங்கி 72 மணி நேரத்துக்குள், ஆன்டிபாடி மிக அதிகமுள்ள பிளாஸ்மாவைக் கொடுத்தபோது மூச்சுத்திணறல் கடுமையாவது 31 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் சென்னையில் நாம் எங்கே இருந்தோம்? டெஸ்ட் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்காக வீட்டில் காத்துக்கொண்டிருந்தோம். பிளாஸ்மா என்ற பேச்சே ஐசியு வாசலில்தான் தொடங்கியது. பலன் தரக்கூடிய நாட்களில் யாரும் கேட்கவில்லை. கேட்ட நாட்களில் பலன் தரும் கட்டம் கடந்திருந்தது.

அப்படியானால் ஏன் கேட்டார்கள் என்று கோபம் வரலாம். வர வேண்டியதுதான். 2020 ஜூனில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டுதலில் பிளாஸ்மா 'ஆய்வு நிலையில் உள்ள சிகிச்சை' என்று இடம்பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் ஐசிஎம்ஆர் ஓர் எச்சரிக்கை விட்டது: அறிகுறி தொடங்கி 3 முதல் 7 நாளுக்குள்தான், பத்து நாளுக்கு மேல் கூடவே கூடாது, நோயாளிக்கு ஏற்கெனவே ஆன்டிபாடி இருந்தால் கொடுக்கக் கூடாது, டோனரின் ஆன்டிபாடி அளவைப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். ஆனால் இரண்டாவது அலையில் பல இடங்களில் இந்த வரம்பு காற்றில் பறந்தது. 2021 மே மாதம் வேலூர் சிஎம்சியின் ககன்தீப் காங் உட்பட மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் விஜயராகவனுக்குக் கடிதமே எழுதினார்கள். ஆதாரமில்லாத ஒரு சிகிச்சைக்காகக் குடும்பங்கள் அலைய வைக்கப்படுகின்றன என்பது அவர்கள் கவலை. மே 17 அன்று பிளாஸ்மா தேசிய வழிகாட்டுதலிலிருந்தே நீக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமும் ஆய்வுக்கு வெளியே இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றது.

மருத்துவர்கள் எல்லோரும் அலட்சியமாகக் கேட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஜிஎச் வாசலில் ஆம்புலன்ஸ்கள் நோயாளியோடு வரிசையில் நின்ற நாட்கள் அவை. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை வாங்க விடிய விடிய நின்றவர்களைச் சமாளிக்க முடியாமல் விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். கையில் இருந்ததெல்லாம் கொடுத்தும் ஆள் தேறவில்லை என்றால் 'இதையும் பார்ப்போம்' என்று தோன்றுவது மனித சுபாவம். ஆனால் அந்த 'இதையும் பார்ப்போம்' என்ற சுமை மருத்துவமனைக்கு வெளியே நின்ற குடும்பத்தின் தோளில் இறங்கியது. கிடைக்கவில்லை என்றால் அது குடும்பத்தின் குறை என்பதுபோல ஆகிவிட்டது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

அடுத்து, நீங்கள் எங்கே கோட்டை விட்டீர்கள் என்ற கேள்வி. எங்கேயும் இல்லை. டோனர்கள் இல்லாததற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அன்றைக்கு யாராவது இதை உங்களுக்குச் சொல்லியிருந்தால் இவ்வளவு வேதனை இருந்திருக்காது.

பிளாஸ்மா கொடுப்பவர் அறிகுறி எல்லாம் நீங்கி 14 நாள் ஆகியிருக்க வேண்டும். ஆக, மே இரண்டாவது வாரத்தில் கொடுக்கத் தகுதியானவர் ஏப்ரல் தொடக்கத்தில் நோய் வந்தவராக இருக்க வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்க ஒரு நாள் பாதிப்பு மூவாயிரத்தைச் சுற்றி இருந்தது. மே 12-ல் அது முப்பதாயிரத்தைத் தாண்டியது. மே 21-ல் 36,000-ஐத் தாண்டியது. கேட்பவர்கள் பத்துப் பேர் என்றால் கொடுக்கக்கூடியவர் ஒருவர் என்ற நிலை. முதல் அலையில் மீண்டவர்கள் நிறைய இருந்தார்களே என்றால், மாதங்கள் போகப் போக ஆன்டிபாடி குறைந்துவிடும். இடையில் 2021 பிப்ரவரியில் மாநிலத்தில் ஒரு நாள் பாதிப்பு 500-க்கும் கீழே இருந்தது. புதிதாக மீண்டவர்கள் என்று சொல்லிக்கொள்ள ஆளே இல்லை.

அந்த ஒருவரும் அப்படியே டோனர் ஆகிவிட முடியாது. வயது 18-லிருந்து 65-க்குள், எடை 50 கிலோவுக்கு மேல். ஒருமுறையாவது கர்ப்பம் தரித்த பெண்களிடம் எடுக்கக் கூடாது என்பது விதி. கர்ப்ப காலத்தில் அவர்கள் உடம்பில் உருவாகும் சில ஆன்டிபாடிகள் நோயாளியின் நுரையீரலைப் பாதித்துவிடலாம் என்பதுதான் காரணம். 'மூன்று பிள்ளை பெற்ற நான் இதுக்கு லாயக்கு இல்லையா' என்று வருத்தப்பட்ட அம்மாக்களிடம் இதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது. தடுப்பூசி போட்டவர்கள் 28 நாள் காத்திருக்க வேண்டும் என்று 2021 மார்ச்சில் உத்தரவு. மே முதல் வாரத்தில்தான் அதை 14 நாளாகக் குறைத்தார்கள். மே மாதம் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி திறந்துவிடப்பட்டதால் 'ஊசி போடும் முன் ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள்' என்று நாங்கள் கெஞ்சாத குறை.

இத்தனையும் தாண்டி ஒருவர் வந்தார் என்றால் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். நரம்பு மெஷினுக்குத் தாங்குமா பார்க்க வேண்டும். எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ்கள், சிபிலிஸ், மலேரியா சோதனை. கடைசியாக ஆன்டிபாடி அளவு. அதில் போதவில்லை என்று திரும்பிப் போனவர்கள் நிறையப் பேர். வேலையை விட்டு, லாக்டவுனில் போலீஸிடம் காரணம் சொல்லித் தாம்பரத்திலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ வந்தவர் முகத்தைப் பார்த்து 'உங்க ரத்தத்துல போதலைங்க' என்று சொல்வது எளிதாக இல்லை.

சரி, ஓ குரூப் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய பிளாஸ்மாவைப் பெரியப்பாவுக்கு ஏற்ற மறுத்தது சரிதான், ஆனால் காரணத்தை விளக்கியிருக்க வேண்டும். ஓ குரூப் யாருக்கும் கொடுக்கலாம் என்று நாம் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வந்தது சிவப்பணுக்களுக்குப் பொருந்தும். பிளாஸ்மாவில் கணக்கு தலைகீழ். ஓ குரூப்காரரின் பிளாஸ்மாவில் ஏ, பி இரண்டு வகை அணுக்களையும் தாக்கும் ஆன்டிபாடி இருக்கிறது. அதை பி குரூப் நோயாளிக்கு ஏற்றினால் அவருடைய சிவப்பணுக்கள் உடையலாம். எனவே ஓ குரூப் பிளாஸ்மா ஓ குரூப் நோயாளிக்கு மட்டும்தான். ஏபி குரூப் பிளாஸ்மாவில் அந்த இரண்டுமே கிடையாது. அதை எல்லோருக்கும் ஏற்றலாம். பி குரூப் நோயாளிக்கு பி அல்லது ஏபி. ஏ குரூப் நோயாளிக்கு ஏ அல்லது ஏபி. ஏபி குரூப் நோயாளிக்கு ஏபி மட்டும். ஓ குரூப் நோயாளிக்கு நாலு குரூப்பில் எதுவும் சரி. பாசிட்டிவா நெகட்டிவா என்பது பிளாஸ்மாவுக்குப் பொதுவாக முக்கியமே இல்லை, ஏனென்றால் அந்த ஆர்எச் அடையாளம் சிவப்பணுவில்தான் இருக்கிறது.

இது தெரியாததால் அன்றைக்கு எத்தனை வாட்ஸ்அப் செய்திகள் 'பி பாசிட்டிவ் மட்டும்' என்று சுற்றின! ஏபி குரூப்காரர்கள் தங்களைக் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். பி நெகட்டிவ்காரர்கள் கடந்து போனார்கள். ஓ குரூப் நோயாளியின் வீட்டார், எந்தக் குரூப் டோனரும் போதும் என்ற நிலையில், ஓ டோனரையே தேடிக்கொண்டிருந்தார்கள். ரத்த வங்கிக்கு நேராகப் போன் செய்தவர்களுக்கு நாங்கள் சொன்ன முதல் விஷயம் இதுதான்.

அந்த வாட்ஸ்அப் செய்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுதியவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, முன்பின் தெரியாதவருக்காக ராத்திரி இரண்டு மணிக்கு முகம் தெரியாத பிள்ளைகள் போன் செய்துகொண்டிருந்தார்கள். சென்னைக் கல்லூரி மாணவர்கள் பலர் ஒரு ஷீட்டில் யார் டோனர், எந்தக் குரூப், எந்த ஏரியா, எப்போது நெகட்டிவ் ஆனார் என்று எழுதி, ஒவ்வொரு நம்பரையும் கூப்பிட்டுச் சரிபார்த்து வைத்திருந்தார்கள். அவர்களால்தான் பல வேலை நடந்தது. ஆனால் தேதி போடாத செய்தி தீராத தொல்லை. நோயாளி குணமாகி வீட்டுக்கு வந்த பிறகும், சில சமயம் காரியம் முடிந்த பிறகும்கூட, 'அர்ஜென்ட்' என்று அந்தச் செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். துக்க வீட்டுக்கு 'நான் கொடுக்கத் தயார்' என்று போன் வரும். அந்தப் போனை எடுத்தவர்கள் அழுததை நான் கேட்டிருக்கிறேன்.

தேடலில் பலன் கொடுத்த ஒரு வழி இருந்தது: குரூப் பொருந்தாத டோனரையும் விடாமல் அழைத்துக்கொண்டு போவது. பல ரத்த வங்கிகள் மாற்றாக எடுத்துக்கொண்டன. உங்கள் நண்பர் கொடுக்கும் ஓ குரூப் பிளாஸ்மாவை வேறொரு ஓ நோயாளிக்கு வைத்துக்கொண்டு, ஃபிரீசரில் பி இருந்தால் உங்களுக்குத் தருவார்கள். பிளாஸ்மா உறைய வைத்துப் பாதுகாக்கக்கூடியது என்பதால் இது முடிந்தது. மைனஸ் 30 டிகிரியில் ஓராண்டு வரை கெடாது. ஒரு டோனரிடமிருந்து 400 மில்லி எடுத்தால் 200 மில்லி பை இரண்டு. சென்னை ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனையில் 2020 ஜூலையில் 2.34 கோடி ரூபாய் செலவில் பிளாஸ்மா வங்கி திறந்ததும் இந்த யோசனையில்தான்: குடும்பம் ஆளைத் தேடி ஓடாமல், மீண்டவர்கள் வந்து கொடுத்துவிட்டுப் போக, தேவைப்பட்டபோது எடுத்துக் கொடுப்பது. முதல் அலையில் நோயிலிருந்து மீண்ட போலீஸ்காரர்கள் அங்கே வந்து கொடுத்தார்கள்.

கொடுத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மெஷின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். ரத்தத்தை எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, சிவப்பணுக்களைத் திரும்ப உடம்புக்கே அனுப்பிவிடும். உதடு லேசாக மரத்துப்போவதுபோல இருக்கும். கால்சியம் மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும். எடுத்த பிளாஸ்மாவை உடம்பு ஓரிரு நாளில் ஈடுகட்டிவிடும். இதெல்லாம் தெரியாமல் 'என்கிட்ட இருக்கிற எதிர்ப்புச் சக்தியைக் கொடுத்துட்டா எனக்கு மறுபடி வந்துடுமே' என்று பயந்து மறுத்தவர்கள் ஏராளம். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அப்போதுதான் சாவின் பக்கம் போய்த் திரும்பி வந்தவர்கள். மருத்துவமனை வாசலை மறுபடி மிதிக்கவே அஞ்சினார்கள்.

பணம் கேட்டவர்களும் இருந்தார்கள். 'பெட்ரோல் காசு ஐயாயிரம் ஜிபே பண்ணுங்க, வந்துடறேன்' என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்துவிடுவார்கள். நம் நாட்டில் ரத்தத்தை விற்பதற்கும் காசுக்கு ரத்தம் கொடுப்பதற்கும் 1998 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி. ரத்த வங்கி பரிசோதனைக்கும் பதப்படுத்தலுக்கும் கட்டணம் வாங்கலாம், ரசீதோடு. டோனருக்கு நீங்கள் ஆட்டோவோ காரோ ஏற்பாடு செய்யலாம். பார்க்காத ஆளுக்கு முன்பணம் மட்டும் எந்த நாளும் அனுப்பாதீர்கள்.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் அப்படியே ஒப்பிக்க வேண்டாம். ஆய்வின் பெயரும் சதவீதமும் அவருக்குத் தேவையில்லை. 'அந்த மருந்து அவர் இருந்த நிலையில வேலை செய்யாதுன்னு ஆய்வுல தெரிஞ்சு, அதே மாசம் அரசாங்கமே நிறுத்திடுச்சு பெரியம்மா. கிடைச்சவங்களுக்கும் அது உதவலை' என்று சொல்லுங்கள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஒருமுறை சொன்னால் போதாது. இந்த எண்ணம் ராத்திரியில் திரும்பத் திரும்ப வரும்; அவர் கேட்கும்போதெல்லாம் சலிக்காமல் சொல்லுங்கள்.

இனி, அடுத்த முறை என்ன செய்வது. சென்னையில் மழைக்காலம் தொடங்கினால் டெங்கு வரும், அதோடு 'பிளேட்லெட் வேணும், டோனர் கூட்டிட்டு வாங்க' என்ற போனும் வரும். பிளேட்லெட் என்பது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள். அன்றைக்கு நடந்த ஓட்டம் ஏறக்குறைய அப்படியே இதிலும் நடக்கிறது. எனவே ஓடத் தொடங்கும் முன் மருத்துவரிடம் நின்று இரண்டு கேள்வி கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒன்று, 'எதற்காக இப்போது இது தேவை, ரத்தக்கசிவு இருக்கிறதா?' டெங்குவில் ரத்தக்கசிவு எதுவும் இல்லாதபோது, எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றுவதால் பயனில்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த ஆய்வு 2017-ல் லான்செட் இதழில் வந்தது. 30,000, 40,000 என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் வீட்டார் பதறுவது புரிகிறது. பொதுவாகப் பத்தாயிரத்துக்குக் கீழே போனாலோ ரத்தம் கசிந்தாலோதான் ஏற்றுவதைப் பற்றி யோசிப்பார்கள். இரண்டாவது கேள்வி, 'எந்தெந்தக் குரூப் பொருந்தும்?' ஒரே குரூப்தான் என்று நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள்.

தேவை உறுதி என்றால் மருத்துவர் கையெழுத்திட்ட ரெக்விசிஷன் பாரமும் நோயாளியின் ரத்த சாம்பிளும் வாங்கிக்கொண்டு முதலில் அந்த மருத்துவமனையின் சொந்த ரத்த வங்கிக்குப் போங்கள். அங்கே இல்லை என்றால் எந்த வங்கியில் இருக்கும் என்று அவர்களுக்கே தெரியும். நீங்கள் பத்து இடத்துக்கு அலைவதற்கு அவர்கள் ஒரு போன் செய்வது மேல். எந்த வங்கியில் என்ன இருப்பு என்பதை இ-ரக்தகோஷ் இணையதளத்திலும் பார்க்கலாம், ஆனால் கிளம்பும் முன் போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மாநில அரசின் 104 உதவி எண்ணிலும் கேட்கலாம். செய்தி அனுப்பியே ஆக வேண்டும் என்றால் தேதி, நேரம், மருத்துவமனை, பொருந்தும் எல்லாக் குரூப், ஒரே ஒரு தொடர்பு எண் இவற்றை எழுதுங்கள். நோயாளியின் அருகில் இருப்பவர் எண்ணைக் கொடுக்காதீர்கள். வெளியில் இருக்கும் ஒருவர் அந்த வேலையைப் பார்க்கட்டும். கிடைத்ததும் 'கிடைத்துவிட்டது, இனி பகிர வேண்டாம்' என்று அதே இடங்களில் போடுங்கள்.

பிளேட்லெட் பிளாஸ்மாவைப் போல உறைய வைக்கக்கூடியது அல்ல. 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே இருக்கும் பெட்டியில் ஐந்து நாள்தான் தாங்கும். அதனால் எந்த வங்கியாலும் நிறையச் சேர்த்து வைக்க முடியாது; நாளைக்குத் தேவைப்படும் என்றால் கொடுக்கக்கூடிய ஆள் நாளை வர வேண்டும். உங்கள் நண்பர் அன்றைக்குக் கொடுக்க வந்தாரே, அவரிடமும் சொந்தக்காரப் பிள்ளைகளிடமும் பேசி, ரத்தத்தில் வேண்டிய பகுதியை மட்டும் பிரித்தெடுக்கும் அபெரசிஸ் மெஷின் உள்ள ரத்த வங்கி வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று கேட்டு, குரூப்பையும் நம்பரையும் அங்கே பதிந்துவைக்கச் சொல்லுங்கள். அக்டோபருக்கு முன் செய்துவிட்டால் நல்லது.